காந்த மவுன்ட்டில் வண்டி ரேடியோ மைக்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

வண்டியில் வைத்து இரு பக்கமும் பேசும் ரேடியோவோடு (வயர்லெஸ்) வரும் மைக் கிளிப்பில் ஒரு தொல்லை உண்டு. மைக்கின் முதுகில் இருக்கும் குமிழைக் கிளிப்பின் பள்ளத்துக்குள் சரியாக இறக்கினால்தான் அது உட்காரும். அதற்கு ஓட்டுகிறவர் குனிந்து பார்க்க வேண்டும். கத்திப்பாரா சுற்றில் வண்டியைத் திருப்பிக்கொண்டே அதைச் செய்ய முடியாது. அதனால் மைக்கை மடியில் போடுவார்கள், சீட்டில் எறிவார்கள், ஹேண்ட் பிரேக் பக்கம் செருகுவார்கள். காந்த மவுன்ட்டில் அந்தப் பாடு இல்லை. கையை அந்தப் பக்கம் கொண்டுபோனாலே மைக் போய் ஒட்டிக்கொள்ளும். ஆம்புலன்ஸ், துறைமுகத்துக்கு ஓடும் டிரெய்லர், ஹாம் (பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசும்) நண்பர்களின் கார் என்று சென்னையில் பல வண்டிகளுக்கு இதை மாட்டிக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் மாட்டியதைச் சரிசெய்தும் கொடுத்திருக்கிறேன்.

கோளாறு என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "காந்தம் வீக் ஆயிடுச்சுண்ணே, பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க." உண்மையில் காந்தம் வீணாவது அபூர்வம். ஒட்டிய டேப், மைக்கின் சுருள் ஒயர், எர்த் (வண்டி பாடியோடு மின் இணைப்பு), வைத்த இடம் என்று இந்த நான்கில் ஒன்றில்தான் குற்றம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் பெரிய காந்தம் போட்டால் பழைய கோளாறு அப்படியே இருக்கும், மைக்கைப் பிடுங்கி எடுக்கவே பலம் வேண்டியிருக்கும், பிடுங்கும் வேகத்தில் மவுன்ட்டும் கையோடு வரும்.

அமைப்பைத் தெரிந்துகொண்டால் மற்றது சுலபம். இரண்டு பாகங்கள். ஒன்று மைக்கின் முதுகில், பழைய குமிழ் இருந்த இடத்தில் ஸ்குரூ போட்டு நிற்கும். இன்னொன்று டேஷ்போர்டில் ஸ்குரூவாலோ டபுள் சைடு டேப்பாலோ நிற்கும். சில வகைகளில் இரண்டிலும் காந்தம் இருக்கும். சிலவற்றில் ஒரு பக்கம் காந்தம், மறு பக்கம் வெறும் இரும்புத் தகடு. உங்களுடையது எந்த வகை என்று முதலில் ஓர் இரும்புச் சாவியை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக் கீழே விழுகிறது

எது விழுந்தது என்று பாருங்கள். மைக் மட்டுமா, டேஷ்போர்டில் இருந்த பாகமும் சேர்ந்தா?

பாகமும் சேர்ந்து வந்திருந்தால் காந்தம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. டேப்தான் விட்டிருக்கிறது. பிய்ந்த டேப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திருப்பி, சூரிய வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எல்லாம் அதில் தெரியும். டேப் முழுவதும் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பாக, விரலுக்கு வழுக்கினால், அது டேஷ்போர்டு பாலிஷ். வாட்டர் சர்வீசில் கடைசியாக அடித்துவிடும் பளபளப்பு ஸ்பிரேயில் சிலிக்கோன் இருக்கிறது. அதன் மேல் எந்த டேப்பும் நிற்காது. சிறு சிறு புள்ளிகளாக மட்டும் பளபளத்து, நடுவில் எல்லாம் மங்கலாக இருந்தால், டேஷ்போர்டின் சொரசொரப்பான மேடுகளில் மட்டும் டேப் பட்டிருக்கிறது, பள்ளங்களுக்குள் இறங்கவில்லை. இரண்டு ஓரங்களில் மட்டும் ஒட்டிய அடையாளம் இருந்தால் வளைந்த இடத்தில் தட்டையான தகட்டை ஒட்டியிருக்கிறார்கள். டேப்பின் நடுவில் இருக்கும் ஃபோம் கிழிந்து, பாதி டேஷ்போர்டிலும் பாதி தகட்டிலும் நின்றால், ஒட்டியதில் தவறில்லை, இழுக்கும் விசை அதிகம். அப்படியானால் சுருள் ஒயரைப் பாருங்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

மறுபடி ஒட்டும்போது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம பங்கு கலந்து, வெள்ளைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். துணி அழுக்கில்லாமல் வரும்வரை துடைக்க வேண்டும். பெட்ரோல், தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, நிழலில் நிற்கும் வண்டியில் ஒட்டி, கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். நல்ல அக்ரிலிக் ஃபோம் டேப் இருபது நிமிடத்தில் பாதிப் பிடிப்பைத்தான் எட்டும், ஒரு நாளில் 90 சதவீதம், முழுப் பலத்துக்கு 72 மணி நேரம் வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒட்டிய ஐந்தாவது நிமிடம் மைக்கை மாட்டி இழுத்துப் பார்க்கிறார்கள். ஒட்டிவிட்டு மூன்று நாள் மைக் மாட்டாமல் விடுங்கள். டேஷ்போர்டு பாலிப்ரொப்பிலீன் வகையாக இருந்தால் சாதாரண டேப் நிற்காது, அடியில் பிரைமர் பூச வேண்டும். அந்தத் தொல்லைக்கு இரண்டு ஸ்குரூ போடுவதே மேல் என்பது என் கருத்து.

மைக் மட்டும் விழுந்தால் வேறு கதை. கீழ்நோக்கி வழுக்கி விழுகிறதா, வெளியே இழுபட்டு விழுகிறதா என்று கவனியுங்கள். காந்தத்தை நேராக இழுத்துப் பிடுங்க ஐந்து கிலோ விசை வேண்டும் என்றால், வழவழப்பான பரப்பில் அதைப் பக்கவாட்டில் நகர்த்த ஏறக்குறைய ஒரு கிலோ போதும். செங்குத்தான டேஷ்போர்டில் மைக்கின் எடை முழுவதும் இந்தப் பக்கவாட்டு வழியில்தான் இழுக்கிறது. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் அது பல மடங்காகும். இதற்குப் பெரிய காந்தத்தைவிட ஒரு மெல்லிய ரப்பர் உறை நல்லது, உராய்வு கூடும். இன்னும் நல்லது, அடியில் சிறு விளிம்பு உள்ள மவுன்ட். ஆனால் ரப்பர் போட்டால் எர்த் அறுந்துபோகும். உங்கள் ரேடியோவுக்கு எர்த் வேண்டுமா என்று அடுத்த பகுதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெளியே இழுபட்டு விழுந்தால் சுருள் ஒயர்தான் காரணம். மைக்கை மவுன்ட்டில் மாட்டி, ஒயரைப் பாருங்கள். சுருள் விரிந்து விறைப்பாக நின்றால் அது நாள் முழுவதும் மைக்கை இழுத்துக்கொண்டே இருக்கிறது. மவுன்ட்டை ரேடியோவுக்குக் கிட்டே கொண்டுவாருங்கள், அல்லது ஒயரை நடுவில் ஒரு கிளிப் போட்டு நிறுத்தி, அதற்கு மேல் தளர்வாகத் தொங்கவிடுங்கள். கியரை எல்லா நிலைக்கும் தள்ளிப் பார்த்து, ஒயர் சிக்காமல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

எதிர்ப் பக்கத் தகட்டையும் கவனியுங்கள். பிஸ்கட் டின் வெட்டித் தகடு போட்டவர்கள் உண்டு. அவ்வளவு மெல்லிய இரும்பு காந்தப் புலம் முழுவதையும் உள்வாங்காது, பிடிப்புக் குறையும். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தகடு போடுங்கள். எவர்சில்வர் தகடு அழகாக இருக்கும், ஆனால் 304 வகையில் காந்தம் ஒட்டாது. வாங்கும் கடையிலேயே காந்தம் வைத்துப் பாருங்கள். நடுவில் பெயின்ட்டோ ஸ்டிக்கரோ வந்தாலும் பிடிப்பு வேகமாகச் சரியும். சின்னக் காந்தங்களில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி பாதிப் பிடிப்பைக்கூடத் தின்றுவிடும்.

மைக் மவுன்ட்டில் மாட்டியிருந்தாலும் ஊரார் பேச்சு எல்லாம் கேட்கிறது, ஸ்கேன் ஓடவில்லை

இது நிறையப் பேரைக் குழப்பும் கோளாறு. ரேடியோவே கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றி எடுத்துக்கொண்டு வருவார்கள். ரேடியோவில் ஒன்றும் இருக்காது.

டாக்சி, டிரெய்லர், ஆம்புலன்ஸ் வண்டிகளில் வைக்கும் தொழில்முறை ரேடியோக்கள் பலவற்றில், மைக் முதுகில் இருக்கும் உலோகக் குமிழ் வெறும் கொக்கி அல்ல, ஒரு சுவிட்சின் பாதி. கம்பெனி கிளிப் வண்டி பாடியில் ஸ்குரூ போட்டிருப்பதால் எர்த் ஆகியிருக்கும். மைக்கை மாட்டியதும் குமிழுக்கு எர்த் கிடைக்கும். ரேடியோ அதை வைத்து "மைக் கொக்கியில் இருக்கிறது" என்று புரிந்துகொண்டு, உங்கள் குழுவின் டோனோடு (பேச்சோடு சேர்ந்து வரும் அடையாள ஒலி) வரும் பேச்சை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும், சேனல்களை மாறி மாறித் தேடும் ஸ்கேனும் ஓட்டும். மைக்கை எடுத்ததும் எர்த் விட்டுப்போகும். உடனே டோன் காவல் விலகி, அந்த அலைவரிசையில் யார் பேசினாலும் கேட்கும். ஸ்கேனும் நிற்கும். பேசும் முன் வேறு யாரும் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

இப்போது பிளாஸ்டிக் டேஷ்போர்டில் டேப் போட்டுக் காந்த மவுன்ட்டை ஒட்டினால் எர்த் எங்கிருந்து வரும்? மைக் எப்போதுமே கையில் இருக்கிறது என்றுதான் ரேடியோ நினைக்கும்.

சோதனை ஒரு நிமிட வேலை. ரேடியோவை ஆன் செய்து, வேறு குழுக்களின் பேச்சு கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையை வண்டி பாடியில் பெயின்ட் இல்லாத ஸ்குரூவிலும் மறுமுனையை மைக் முதுகு உலோகத்திலும் தொடுங்கள். பேச்சு சட்டென்று அடங்கினால் காரணம் அதுதான். பாசிட்டிவ் ஒயர் எதன் மேலும் அந்தத் துண்டு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டும் அடங்கவில்லை என்றால், மைக்கில் குமிழை மாற்றியபோது புதுத் தகடு உள்ளே இருந்த பழைய இணைப்பைத் தொடாமல் நிற்கிறது என்று பொருள். மைக்கைத் திறந்து அந்த ஸ்குரூவின் அடியில் பாருங்கள்.

சரிசெய்வது: டேஷ்போர்டு பாகத்தின் ஸ்குரூவுக்கு அடியில் ஒரு வளைய டெர்மினல் வைத்து, மெல்லிய ஒயர் ஒன்றை ரேடியோ பிராக்கெட்டின் ஸ்குரூவுக்கோ பாடிக்கோ கொண்டுபோங்கள். டேப்பில் ஒட்டியிருந்தால் தகட்டின் ஓரத்தில் ஒயரைப் பற்றவைக்கலாம், ஆனால் காந்தத்தின் மேல் சோல்டரிங் அயர்ன் வைக்கவே கூடாது, சூட்டில் காந்தம் போய்விடும். பிறகு மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, ஒரு முள்ளை மவுன்ட்டின் முகத்தில், மைக் வந்து ஒட்டும் அதே இடத்தில் வையுங்கள். மறு முள் பேட்டரி நெகட்டிவில். பீப் வர வேண்டும். மவுன்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், பீப் விட்டு விட்டு வந்தால் ஓட்டத்தில் ரேடியோவும் அப்படித்தான் விட்டு விட்டுக் குழம்பும். நிக்கல் பூசிய காந்தத்தின் வழியாக எர்த் போகும். எப்பாக்ஸி பூசிய கறுப்புக் காந்தம், ரப்பர் உறை, பெயின்ட் இவற்றின் வழியாகப் போகாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. ரேடியோ புரோகிராமிங்கில் கொக்கி வசதியையே நிறுத்திவிடச் சொல்லலாம். டீலர் செய்து கொடுப்பார். எனக்கு அதில் உடன்பாடு குறைவு. பேசும் முன் கேட்கும் பழக்கம் ஓட்டுநர்களிடம் தானாக வராது, ரேடியோ அதைச் செய்துகொண்டிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செல்போன் வேலை செய்யாமல் ரேடியோவை நம்பியிருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். ஒரே சேனலில் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பேசினால் யாருக்கும் எதுவும் போய்ச் சேராது. எர்த் ஒயர் இழுப்பது அரை மணி நேர வேலை, அதைச் செய்துவிடுங்கள்.

ஹாம் ரேடியோக்கள் பலவற்றில் இந்தக் கொக்கிச் சுவிட்சே கிடையாது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில் பேசும் நண்பர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

காலையில் பிடிக்கிறது, மதியம் விழுகிறது

கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் டேஷ்போர்டைக் கையால் தொட முடியாது. அந்தச் சூட்டில் காந்தம் சற்றுக் குறையும் என்பது உண்மை. இந்த மவுன்ட்டுகளில் வரும் நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரிக்கு 0.1 சதவீதத்துக்குச் சற்று மேலே இழக்கும். 50 டிகிரி ஏறினால் ஆறு சதவீதம் அளவு. குளிர்ந்ததும் அது திரும்பி வந்துவிடும். ஆறு சதவீதம் குறைந்ததற்காக மைக் விழாது. சூட்டில் இளகுவது டேப்தான், முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

காந்தம் நிரந்தரமாகக் கெட்டதா என்று அறிய, மறுநாள் விடியற்காலையில், வண்டி நன்றாகக் குளிர்ந்த பிறகு, அதே மாதிரி புதுக் காந்தத்தோடு ஒப்பிடுங்கள். அப்போதும் பலவீனமாக இருந்தால் போய்விட்டது. சாதாரண நியோடிமியம் காந்தத்தின் வரம்பு 80 டிகிரி. மெல்லிய வட்டுகள் அதற்கு முன்பே இழக்கத் தொடங்கும். காந்தத்தின் தரத்தைச் சொல்லும் கிரேடில் எண்ணுக்குப் பின்னால் எழுத்து இருந்தால் வரம்பு உயரும்: எம் என்றால் 100, எச் என்றால் 120, எஸ்.எச். என்றால் 150 டிகிரி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும்போது கிரேடைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் அது 80 டிகிரிக் காந்தம் என்றே வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அடியில் வைக்காமல் கீழே நிழலில் வையுங்கள்.

யாரும் தொடாமலே சேனல் பிடித்துக்கொள்கிறது

ஒரு வண்டியில் மைக்கின் பேசும் பட்டன் அமுங்கி நின்றால் அந்தக் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் ஊமை. அதனால் இதை உடனே பாருங்கள். மைக் பிளக்கைக் கழற்றுங்கள். பேச்சு வெளியே போகிறது என்று காட்டும் ரேடியோவின் சிவப்பு விளக்கு அணைந்தால் கோளாறு மைக்கில்.

புதிதாகக் காந்தத் தகடு மாட்டிய மைக் என்றால் முதல் சந்தேகம் ஸ்குரூ. தகட்டின் கனத்துக்காக நீளமான ஸ்குரூ போட்டிருப்பார்கள், அது உள்ளே சர்க்யூட் போர்டில் முட்டும், அல்லது மூடியை விறைக்க வைத்துப் பட்டனை அமுக்கும். தகட்டைத் தளர்த்தியதும் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால் ஸ்குரூவைக் குறைத்து வெட்டுங்கள்.

அது இல்லை என்றால் இடம். பட்டன் இருக்கும் பக்கம் முழங்காலுக்கோ, கதவில் செருகிய தண்ணீர் பாட்டிலுக்கோ நேராக இருக்கும். மவுன்ட்டைச் சற்றுத் திருப்பினாலே போதும். ரேடியோவில் தொடர்ந்து பேசும் நேரத்துக்கு வரம்பு வைக்கும் டைமர் இருந்தால் அதை ஆன் செய்து வையுங்கள். கோளாறு தீராது, ஆனால் மற்றவர்கள் பேச முடியும்.

இரண்டு காந்தமும் ஒட்டாமல் விலகுகின்றன

ஒன்றைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். திருப்பிப் போடுங்கள்.

குரல் மங்கிவிட்டது, இரைச்சல் வருகிறது

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் ஊளைச் சத்தம் ஆல்டர்நேட்டரிலிருந்து வருவது. காந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பவர் ஒயரைப் பாருங்கள். இன்று பல மைக்குகளில் இருப்பது எலக்ட்ரெட் வகை, அசையாமல் இருக்கும் காந்தம் அதன் குரலைக் கெடுக்காது. பழைய டைனமிக் மைக்கில் உள்ளே ஏற்கெனவே ஒரு காந்தம் உண்டு, அதற்கு மிக அருகில் பலமான இன்னொன்று வந்தால் மாறுதல் வரலாம். சந்தேகம் இருந்தால் முதுகுத் தகட்டைக் கழற்றிவிட்டும் மாட்டியும் ஒரே வாக்கியத்தைப் பேசி, எதிர்ப் பக்கம் இருப்பவரிடம் வித்தியாசம் கேளுங்கள்.

நான் அடிக்கடி பார்ப்பது இரும்புத் தூள். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் லேத் பட்டறைகளுக்குச் சரக்கு ஏற்றும் வண்டிகளில், காந்தத்தின் ஓரத்தில் கறுப்பு மயிர் முளைத்ததுபோல் தூள் நிமிர்ந்து நிற்கும். மைக்கை மாட்டி எடுக்கும்போது கொஞ்சம் மைக்கின் முகத்துக்கும் போகும், பேசும் ஓட்டையை அடைக்கும். துணியால் துடைத்தால் போகாது, தள்ளிப்போய் மறுபடி ஒட்டிக்கொள்ளும். செலோ டேப்பை மேலே அழுத்திப் பிய்த்தெடுங்கள், அதோடு வந்துவிடும். காற்று அடிக்காதீர்கள், உள்ளே தள்ளிவிடும்.

காந்தம் உரிகிறது, துரு பிடிக்கிறது

காசிமேடு, எண்ணூர் பக்கம் நிற்கும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். நியோடிமியத்துக்குள் இரும்பு இருக்கிறது. நிக்கல் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உப்புக்காற்று உள்ளே போய், பூச்சு கொப்புளித்து, உள்ளே பொடியாகும். மைக்கைத் தூரத்திலிருந்து "டக்" என்று ஒட்டவிடுவதும் பூச்சை உடைக்கும், காந்தம் கண்ணாடிபோல் உடையும் பொருள். உரியத் தொடங்கியதை ஒட்டுப்போட முடியாது, மாற்றுங்கள். கடலோர வண்டிக்கு எப்பாக்ஸி பூசியதோ உலோகக் கிண்ணத்துக்குள் பதித்ததோ வாங்குங்கள். எப்பாக்ஸி என்றால் எர்த்துக்குத் தனி வழி செய்ய வேண்டும்.

வைக்கக் கூடாத இடங்கள்

எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடியின் மேலும், அது திறக்கும் வழியிலும் எதையும் ஒட்டாதீர்கள். ஏர்பேக் வெடித்தால் மவுன்ட்டும் மைக்கும் முகத்துக்கு நேராக வரும். மேப் பார்க்கும் செல்போனுக்குப் பக்கத்திலும் வேண்டாம், போனின் திசைகாட்டி குழம்பி அம்புக்குறி தப்பான பக்கம் காட்டும். காந்தப் பட்டை உள்ள பழைய கார்டுகளையும் தள்ளி வையுங்கள், சிப்புக்கு ஒன்றும் ஆகாது.

ஓட்டுநருக்கோ பக்கத்தில் உட்காருபவருக்கோ பேஸ்மேக்கர் இருந்தால், காந்தம் அந்த இடத்திலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். டேஷ்போர்டில் இருக்கும் பாகத்தால் பயமில்லை. முதுகில் காந்தம் உள்ள மைக்கை நெஞ்சோடு அணைத்துப் பேசுவதும் சட்டைப் பையில் மாட்டிக்கொள்வதும்தான் ஆபத்து. அப்படிப்பட்டவர் ஏறும் வண்டியில் காந்தத்தை டேஷ்போர்டு பக்கமும் வெறும் இரும்புத் தகட்டை மைக் பக்கமும் போடுங்கள்.

மவுன்ட் எவ்வளவு வசதியாக இருந்தாலும் சட்டம் ஒன்று இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 184-ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. பக்கத்தில் ஆள் இருந்தால் மவுன்ட்டை அவர் கைக்கு எட்டும் பக்கம் வையுங்கள், அவர் பேசட்டும். தனியாகப் போனால் ஓரம் கட்டிப் பேசுங்கள்.